லைட் பில் கட்டினால் கடன் தீருமா?

லைட் பில்லைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டால், எரித்த வெளிச்சத்துக்கும் நமக்கும் உள்ள கணக்கு அன்றோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைக்கிறோம். அலகுக்கு இவ்வளவு, நிலையான கட்டணம் இவ்வளவு, வரி இவ்வளவு. சிவப்பு நோட்டீஸ் வராத வீடு கடன் இல்லாத வீடு. கடையில் வாங்கும் பல பொருள்களுக்கு இந்த எண்ணம் ஓரளவு பொருந்தலாம். மின்சாரத்துக்கு, அதுவும் ஊவா மலைகளில் இருந்துகொண்டு பார்க்கிறவருக்கு, இது பொருந்துமா என்பது சந்தேகம். இந்த மலைகளின் தண்ணீரை மின்சாரமாக்கிக் கம்பியில் ஏற்றுகிறார்கள். அதே மலைகளில் நூறு ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர்களின் லயங்கள்தான் நாட்டில் கடைசியாகக் கரண்ட் கண்ட வீடுகளில் சேர்ந்தவை. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழும் கேள்வி பொறியியலுக்குள் அடங்காது. வெளிச்சத்தை அனுபவிக்கிறவன் யாருக்குக் கடன்பட்டவன்? என் வாதம் இதுதான்: பில் கட்டுவதால் மின்சார சபைக்குப் பட்ட கடன் தீர்கிறது. அந்த வெளிச்சத்துக்காகத் தண்ணீரையும் நிலத்தையும் உழைப்பையும் விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பட்ட கடன் எந்த ரசீதிலும் எழுதப்படாமல் நிற்கிறது. அதை நினைவில் வைப்பதும், தீர்க்க வழி தேடுவதும் சமயத்தின் வேலை. கம்பிக்கும் டிரான்ஸ்போமருக்கும் நடுவில் சாமிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பின்னால் பதில் சொல்கிறேன். அதற்கு முன், விளக்குக்குக் கணக்கு வைப்பதில் நம் சமய மரபு எவ்வளவு கறாராக இருந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் விளக்குக் கணக்கு விரிவாக வெட்டப்பட்டிருக்கிறது. சந்நிதியில் இரவும் பகலும் அணையாமல் ஒரு விளக்கு எரிய வேண்டுமானால் அதற்கு 96 ஆடுகள். பசுவானால் 48, எருமையானால் 16. அந்த மந்தை இன்ன இடையரிடம் ஒப்படைக்கப்பட்டது, அவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், அவருக்குப் பிணை நிற்கும் உறவினர் இன்னார் என்று பெயர் பெயராகக் கல் சொல்லிக்கொண்டே போகிறது. கிழடு தட்டிய ஆட்டுக்கும் செத்த ஆட்டுக்கும் பதில் குட்டிகள் வந்து சேரும் என்பதால், அந்த மந்தையைச் சாவா மூவாப் பேராடு என்று சோழர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக ஆக்கிப் பேச வேண்டியதில்லை. புண்ணியம் கொடுத்தவனுக்குப் போயிற்று, நெய் அளக்கும் பாரம் இடையரின் தலையிலும் அவர் பிள்ளைகளின் தலையிலும் விழுந்தது. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. அந்தச் சந்நிதியில் கைகூப்பி நின்றவர், எழுத்து வாசிக்கத் தெரிந்திருந்தால், தான் காணும் சுடர் யாருடைய மந்தையிலிருந்து யார் கைவழியாக வந்தது என்று அறிந்துகொள்ள முடியும். சுடரின் முழு வழியும் பொதுச் சுவரில் இருந்தது. இன்றைய மின்பட்டியலில் சென்ற மாத வாசிப்பு, இந்த மாத வாசிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதற்கான ரூபாய் ஆகியவை இருக்கின்றன. மந்தையும் இல்லை, இடையரும் இல்லை. வெளிச்சம் பல்லாயிரம் மடங்கு பெருகியிருக்கிறது, அதன் வரலாறு மட்டும் கணக்கிலிருந்து கழன்றுவிட்டது.

கழன்ற அந்தப் பகுதியை ஊவாவிலேயே திரும்ப எழுதிப் பார்க்கலாம். வெலிமடைக்கு அருகே புஹுல்பொலையில் உமா ஓயாவை ஓர் அணை மறிக்கிறது. அந்தத் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பண்டாரவளைப் பக்கத்து டயரபா அணைக்குப் போகிறது. அங்கிருந்து மலைகளின் அடிவயிற்றில் சுமார் 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம். அதன் முடிவில் 600 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தின் அழுத்தத்தோடு தண்ணீர் இறங்கி, வெல்லவாயவை அடுத்த ரந்தெனியவில் நிலத்துக்கடியில் இருக்கும் மின்நிலையத்தை அடைகிறது. அங்கே ஊசிமுனைக் குழாயிலிருந்து பீறிடும் நீர், சில்லைச் சுற்றிப் பதித்த உலோகக் கிண்ணங்களில் மோதிச் சில்லைச் சுழற்றுகிறது. அதோடு சேர்ந்து காந்தம் சுழல, சுற்றியுள்ள செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பரடே கண்டுபிடித்த விதி இன்றும் அப்படியே வேலை செய்கிறது. தலா 60 மெகாவாட் கொண்ட இரண்டு இயந்திரங்கள், மொத்தம் 120 மெகாவாட். பிறந்த மின்சாரத்தின் அழுத்தத்தைப் பெரிய டிரான்ஸ்போமர்கள் பல மடங்கு கூட்டுகின்றன. அழுத்தம் கூடினால் அதே சக்திக்கு ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் கம்பி சூடாகி வீணாவதும் குறையும். உயர் அழுத்தக் கம்பியில் 1,32,000 வோல்ட் ஆகப் போவது, உப மின்நிலையத்தில் 33,000 ஆகி, தெருமுனை டிரான்ஸ்போமரில் 230 ஆக இறங்கி வீட்டுக்கு வருகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நெல்லையோ நெய்யையோ போல இந்தக் கம்பியில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க முடியாது. மாலை ஆறரைக்கு ஊரெல்லாம் லைட் போடும்போது இயந்திரங்களின் மேல் சுமை ஏறுகிறது. நொடிக்கு 50 முறை என்ற அலைவு இம்மியளவு தளர்கிறது. அதை உணர்ந்த கட்டுப்பாட்டுக் கருவி நீர்க்குழாயின் முனையை இன்னும் சற்றுத் திறக்கிறது. சுவிட்சைத் தட்டும் விரலுக்கும் மலைக்குள் விழும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு உவமை அல்ல, அந்த நொடியிலேயே நடக்கும் காரியம். கணக்கும் போடலாம். 600 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் ஓர் அலகு மின்சாரம் தர, இயந்திரத்தில் வீணாவதையும் சேர்த்தால், ஏறக்குறைய 700 லீற்றர் வேண்டும். பத்து வாட் பல்ப் ஒன்று மாலையில் ஐந்து மணி நேரம் எரிய சுமார் 35 லீற்றர். பீலியில் பிடித்தால் இரண்டு மூன்று குடம்.

குடம் என்று சொன்னதும் பண்டாரவளையை நினைக்காமல் இருக்க முடியாது. 2008 ஏப்ரலில் அன்றைய ஈரான் ஜனாதிபதி அகமதிநெஜாத் வந்து தொடங்கிவைத்த இந்தத் திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதிதான் திறக்கப்பட்டது. நடுவில் ஈரான் மீதான பொருளாதாரத் தடைகளால் பணம் தடைப்பட்டது ஒரு கதை. மண்ணுக்கடியில் நடந்தது இன்னொரு கதை. சுரங்கம் தோண்டும்போது பாறை வெடிப்புகளிலிருந்து நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கொட்டத் தொடங்கியது. 2014 டிசம்பரில் ஒரு முறை, பிறகு 2017ஐ ஒட்டி மீண்டும். பண்டாரவளையைச் சுற்றிய கிராமங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, நிலம் இறங்கியது. பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டிய நிலை வந்தது. 2017 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் பண்டாரவளை நகரத்தில் திரண்டு நின்றார்கள். இங்கே துல்லியமாகப் பேச வேண்டும். கிணற்று நீரை டர்பைன் குடித்துவிடவில்லை. டர்பைனைச் சுற்றிய தண்ணீரும் அழிந்துவிடவில்லை, அது கிரிந்தி ஓயாப் பக்கம் போய் வயலுக்குப் பாய்கிறது. நடந்தது வேறு. ஓரிடத்தில் இருந்தவர்களின் காலடி நீர், அவர்கள் கேட்காத ஒரு வேலையின் பொருட்டு, அவர்களைவிட்டுப் போனது. அந்த வேலையின் பலன் இன்று நாடு முழுவதும் போகும் கம்பியில் ஓடுகிறது. பலனை அடைபவரின் பட்டியலில் கொழும்பு உண்டு, யாழ்ப்பாணம் உண்டு, பதுளையும் உண்டு. இழந்தவரின் பெயர் எந்த மின்பட்டியலிலும் இல்லை.

என் வீட்டு பல்புக்கு வரும் கரண்ட் உமா ஓயாவிலிருந்துதான் வருகிறது என்று எப்படிச் சொல்ல முடியும் என ஒருவர் கேட்கலாம். சொல்ல முடியாது. கம்பியில் கலந்த கரண்டுக்கு ஊர் பேர் கிடையாது. லக்ஷபானவின் நீர், நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி, சப்புகஸ்கந்தையின் எண்ணெய், மன்னாரில் 2020இல் திறந்த தம்பபவனியின் காற்று எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் விட்டுக்கொடுத்த ஓர் ஊர் இருக்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கம் மஸ்கெலியாவின் பழைய ஊரை மூழ்கடித்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அங்கே கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து ஒருங்கே வெளியே தெரிகின்றன. மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடத்தையும் ஒரே தண்ணீர் மூடியிருக்கிறது. எந்த வெளிச்சம் எந்த இழப்பிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட முடியாத இந்த நிலையிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, குறிப்பிட்ட ஒருவருக்கு நான் கடன்பட்டதை நிரூபிக்க முடியாததால் நான் யாருக்கும் கடன்படவில்லை. இரண்டு, பிரிக்க முடியாததால் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். முதல் முடிவு வசதியானது, ஆனால் நிற்காது. கோயில் உண்டியலில் விழுந்த காசில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அதனால் அந்தக் காசில் ஆக்கிய அன்னதானச் சோற்றை உண்டவர் எவருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா? போட்ட எல்லோருக்கும் அல்லவா அவர் கடமைப்பட்டவர் ஆகிறார்! மின்கட்டமைப்பும் அப்படித்தான். அது வெளிச்சத்தை மட்டும் பொதுவாக்கவில்லை, கடனையும் பொதுவாக்கியிருக்கிறது. பண்டாரவளையில் வற்றிய கிணற்றுக்குப் பண்டாரவளைக்காரர் மட்டும் பொறுப்பு என்றோ, சுரங்கம் தோண்டியவர் மட்டும் பொறுப்பு என்றோ ஒதுங்க, கம்பியின் இந்த முனையில் இருக்கும் நமக்கு வழியில்லை.

சமயத்துக்குள்ளிருந்தே வலுவான மறுப்பு ஒன்று வரும். வினை என்பது எண்ணத்தைப் பொறுத்தது. பௌத்தம் இதை மிகத் தெளிவாகச் சொல்கிறது: சேதனையே, அதாவது செய்யவேண்டும் என்ற எண்ணமே, கர்மம். சுவிட்சைத் தட்டுகிறவருக்கு யாருடைய கிணற்றையும் வற்றவைக்கும் எண்ணம் இல்லை, அது நடந்தது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் எங்கே? இந்த மறுப்பில் பாதி சரி. லைட் போட்டவர் குற்றவாளி என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பழி வேறு, கடன் வேறு. பழிக்கு எண்ணம் வேண்டும், கடனுக்கு வேண்டியதில்லை. தாய் தந்தையிடமிருந்து உடம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிறந்தவர் எவருமில்லை. இருந்தும் அவர்களுக்குக் கடன்பட்டவர்களாகவே எல்லோரும் பிறக்கிறோம். தேவர்க்கும் முனிவர்க்கும் முன்னோர்க்கும் மனிதன் பிறவியிலேயே கடனாளி என்று வைதிக மரபு சொல்வதும் இதே அடிப்படையில்தான்: பெற்றதை வைத்துக் கடன் வருகிறது, எண்ணியதை வைத்து அல்ல. பௌத்தமும் எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் வழியை, பன்னிரண்டு நிதானங்களாக, மணிமேகலை தமிழிலேயே விரித்துச் சொல்கிறது. எதுவும் தனியாகத் தோன்றுவதில்லை என்று ஏற்றுக்கொண்டவர், தன் அறையின் வெளிச்சம் மட்டும் தனியாகத் தோன்றியது என்று எப்படி வாதாடுவார்? மேலும், தெரியாதவரை எண்ணம் இல்லை என்பது உண்மை. தெரிந்த பிறகும் தெரியாதவர்போல இருப்பது ஓர் எண்ணம்தான். அறியாமை மன்னிக்கப்படலாம், அறிந்துகொள்ள மறுப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு மறுப்பு இறைவனை முன்னிறுத்தும். தண்ணீர் இறைவன் தந்தது, மலை அவன் படைத்தது. ஆற்றை ஓட்டிவிட்டவனுக்கு நன்றி சொன்னால் போதாதா, இடையில் மனிதருக்கு ஏன் கடன்? மழைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. மழையை முன்மாதிரியாக வைத்து, கைம்மாறு எதிர்பாராமல் உதவுவதைப் பற்றி ஒப்புரவறிதல் என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. இது அழகான வாதம், ஆனால் ஓரிடத்தில் வழுக்குகிறது. மழை எதையும் இழப்பதில்லை, கிணறு வற்றியவர் இழக்கிறார். கைம்மாறு வேண்டாம் என்று சொல்லும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு, பெற்றுக்கொண்டவர் கொடுத்தவருக்காக அதைச் சொல்லிவிட முடியாது. அதோடு, இறைவனின் கொடை என்பது யாருக்கும் கடனில்லாத பொருள் என்ற பொருளைத் தருவதில்லை, எல்லோருக்கும் பங்குள்ள பொருள் என்ற பொருளையே தருகிறது. இஸ்லாமிய மரபில் நபிமொழி ஒன்று தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தைச் சொல்கிறது. நீர்மின்சாரத்தில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாக வந்துவிடுகின்றன. பங்காளி என்று ஆன பிறகு, ஒருவர் பங்கு குறைந்தால் மற்றவர்கள் ஈடுசெய்ய வேண்டும் என்பதும் கூடவே வருகிறது. ஆடிவேலின்போது கதிர்காமத்துக்கு நடந்துபோய் மாணிக்க கங்கையில் தீர்த்தமாடுகிறவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. அவர்களுக்கு ஆறு புனிதம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் ஓடும் கிரிந்தி ஓயாவில் இன்று பதுளை மலையின் நீரும் கலந்திருக்கிறது. ஓர் ஆற்றைப் புனிதம் என்று தலையில் தெளித்துக்கொண்டு, அடுத்த ஆற்றை வெறும் கன அளவாக எண்ணுவது பக்திக்கும் பொருந்தாது, தர்க்கத்துக்கும் பொருந்தாது.

பெரிய நன்மைக்காகச் சிறிய இழப்பு தவிர்க்க முடியாதது என்பார்கள் நடைமுறைவாதிகள். அவர்களின் பேச்சை அலட்சியம் செய்ய முடியாது. கிரிந்தி ஓயாவுக்குத் திருப்பிய நீரை நம்பி மொனராகலையிலும் அம்பாந்தோட்டையிலும் வரண்ட நிலத்து விவசாயிகள் இருக்கிறார்கள், அவர்களும் ஏழைகள்தான். மின்சாரம் இல்லாத இருட்டும் புனிதமானதல்ல. குப்பி லாம்பு கவிழ்ந்து தீப்பிடித்து எரிந்துபோனவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1992இல் எளிதில் கவிழாத, கவிழ்ந்தாலும் எண்ணெய் சிந்தாத பாதுகாப்பான குப்பி லாம்பை உருவாக்கினார், அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். லயத்துச் சின்னக் காம்பராவில் பழைய சேலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் எரியும் மண்ணெண்ணெய்த் திரி என்ன செய்யும் என்று மலையகத்துக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே அணையே கூடாது, கம்பியே வேண்டாம் என்பது என் வாதமல்ல. நன்மை உண்மையான நன்மைதான். ஆனால் ஒரு கடன் நல்ல காரியத்துக்காக வாங்கப்பட்டது என்பது அதை அடைக்காமல் விடுவதற்குக் காரணமாகாது. மகளின் கலியாணத்துக்கு வாங்கிய கடனும் கடன்தான். நன்மை பெரிதாக இருக்க இருக்க, அதைத் தந்தவருக்குப் பட்ட கடனும் பெரிதாகிறது. பெரும்பான்மையின் நலம் என்ற தராசில் ஒரு தட்டில் நாடு முழுவதையும் ஏற்றி, மறு தட்டில் நூறு கிணறுகளை வைத்து, நாடு கனமாக இருக்கிறது என்று சொல்லி முடிப்பது சுலபம். தராசு எது கனம் என்றுதான் சொல்லும், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லாது.

அதைத்தான் அரசாங்கம் நட்டஈடாகக் கொடுக்கிறதே, வரி வாங்கும் அரசு நம் எல்லோர் சார்பிலும் கடனை அடைக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. நட்டஈடு நல்லது, கட்டாயமும்கூட. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு உறுதியில் எழுதியது மட்டுமே தெரியும். வீடு யாருடையது, காணி யாருடையது, உறுதி எங்கே என்பவைதான் அதன் முதல் கேள்விகள். லயத்தில் நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. லயம் தோட்டத்துச் சொத்து, பீலி தோட்டத்துப் பீலி, குடும்பம் கட்டிய ஒத்தாப்புகூடக் காகிதத்தில் அவர்களுடையதல்ல. ஆகவே அவர் இழப்பது சட்டத்தின் பார்வையில் இழப்பாகவே பதிவதில்லை. இந்தப் பார்வைக்குறை பழையது. பெருந்தோட்டங்கள் பல, தேசிய மின்கட்டமைப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஓடையை மறித்துச் சின்ன டர்பைன் வைத்துத் தங்கள் தேயிலை ஸ்டோரை ஓட்டின. கொழுந்தை வாடவைக்கவும் உருட்டவும் அரைக்கவும் மின்சாரம் இருந்தது, துரை பங்களாவிலும் பல்ப் எரிந்தது. அதே ஓடையின் ஓரத்து லயத்தில் குப்பி லாம்பு எரிந்தது. மின்சாரம் உண்டாக்கத் தெரியாததாலோ கம்பி இழுக்க முடியாததாலோ அப்படி நடக்கவில்லை. கொழுந்துக்கு வெளிச்சம் தேவை, கொழுந்து பறித்தவளுக்குத் தேவையில்லை என்று யாரோ தீர்மானித்திருந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு அந்தத் தீர்மானத்தை மாற்றச் சொல்லிக் கேட்க வாக்குப் பலமும் இல்லை. லயங்களுக்குக் கரண்ட் பரவலாக வந்தது 1990களிலும் அதன் பிறகும்தான். அப்போதும் உறுதி இல்லாத வீட்டுக்கு இணைப்பு எடுக்க நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. சட்டம் அடைக்கும் கடன் சட்டம் பார்க்கும் கடன் மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிற்பவரைக் கணக்கில் சேர்ப்பதற்குத்தான் அறம் என்று ஒன்று இருக்கிறது.

அப்படியானால் இன்று லயத்தில் ஒற்றை பல்ப் எரிப்பவரும் கடனாளியா, அவரிடமும் போய்க் கேட்பீர்களா என்று ஒருவர் மடக்கலாம். எல்லோரும் கடனாளி என்று சொல்லும் எந்த அறமும் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பு எல்லோருக்கும் சமமாகப் பிரிந்து, கடைசியில் ஏழையின் முதுகில் ஏறிவிடும். கடன் பெற்ற அளவைப் பொறுத்தது. குளிரூட்டியும் சுடுநீர் இயந்திரமும் ஓடும் வீட்டின் கடனும் இரண்டு மூன்று குடம் தண்ணீருக்குச் சமமான ஒற்றை பல்பின் கடனும் ஒன்றல்ல. அதற்கு மேல், முன்கூட்டியே கொடுத்தது எவ்வளவு என்பதும் கணக்கில் வர வேண்டும். காட்டை வெட்டி மலையைத் தோட்டமாக்கியதும், வீதி போட்டதும், 1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதைக்கு மண் சுமந்ததில் பங்கும் யாருடைய உழைப்பு? தேயிலை ஈட்டிய அந்நியச் செலாவணியில் நாடு வாங்கிய இயந்திரங்கள் எத்தனை? இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால் லயத்துக்காரர் கடன் கொடுத்தவர் பக்கத்தில்தான் நிற்பார். 2022 ஓகஸ்ட்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏற்றப்பட்டபோது குறைந்த அலகு எரிப்பவர்களுக்கே அடி பலமாக விழுந்தது. கடன் கொடுத்தவரிடமே வட்டி கேட்ட கதை அது. கட்டணம் யூனிட்டை எண்ணும், வரலாற்றை எண்ணாது. எண்ண வேண்டியவர்கள் வேறு யாரோதான்.

யார் அவர்கள் என்ற கேள்விக்கு நாட்டின் வழிபாட்டிடங்களே பதில் சொல்லும் நிலை இப்போது வந்திருக்கிறது. தொடக்கத்தில் தள்ளிவைத்த மறுப்பையும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். மின்சாரத்தில் சமயத்தை நுழைப்பது மூடநம்பிக்கைக்கு வழி என்பார்கள். மின்மானிக்குப் பொட்டு வைக்கச் சொன்னால் அந்தப் பயம் நியாயம். யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்பது மூடநம்பிக்கையாகாது, சமயம் உருப்படியாகச் செய்த வேலைகளில் அதுதான் முதன்மையானது. தவிரவும், மின்சாரத்துக்குள் சமயம் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 2022இல் கட்டணம் ஏறியபோது விகாரைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்களின் பில்லும் தாங்க முடியாதபடி ஏறியது, மதகுருமார் பகிரங்கமாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் ஒரு குறை இருந்தது. வழிபாட்டிடத்தின் பில் குறைய வேண்டும் என்ற குரல் உரத்துக் கேட்டது, அந்த வழிபாட்டிடத்துக்கு வருகிறவரின் பில்லைப் பற்றிய குரல் அவ்வளவு கேட்கவில்லை. பின்னர் இந்தியாவின் உதவியோடு நாட்டின் 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டிடங்களின் கூரைகளில் சூரிய மின்தகடுகள் பொருத்தும் திட்டம் வந்தது. மொத்தம் 25 மெகாவாட் கொண்ட அந்தத் திட்டத்தை 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது தொடங்கிவைத்தார். விளக்கெரிக்க நெய் வாங்கிய இடங்கள் இப்போது மின்சாரம் உண்டாக்கும் இடங்களாகின்றன. இந்தத் தகடுகளுக்காக எந்தக் கிணறும் வற்றவில்லை, எந்த ஊரும் மூழ்கவில்லை. பில்லில் மிச்சமாகும் பணம் அன்பளிப்பாக வந்த பணம். அதைத் திருவிழாவுக்கு இன்னும் நாலு வரிசை சீரியல் பல்ப் போடுவதற்குச் செலவழித்தால், கடன்பட்டவர் கைக்கு வந்த காசை மீண்டும் தனக்கே செலவழித்ததாக ஆகும்.

ஆகவே பதுளை, மொனராகலை மாவட்டங்களின் கோயில் பரிபாலன சபைகளுக்கும், விகாரைகளின் தாயக சபைகளுக்கும், பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், தேவாலயங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூரைத் தகட்டால் ஒவ்வோர் ஆண்டும் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். அந்தப் பணத்தில், பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் அடுத்த காம்பராவிலிருந்து வயர் இழுத்து எரிக்கும் ஒரு குடும்பத்துக்கு வயரிங் செய்து, மின்மானிக்கான வைப்புப் பணத்தைக் கட்டிக்கொடுங்கள். தண்ணீர் வற்றிய ஒரு வீட்டுக்கு நீர்த்தாங்கி வாங்கிக் கொடுங்கள். சமயம் பார்க்க வேண்டாம், சம்மதக் கடிதம் வாங்கவேண்டி வந்தால் சபையின் பெயரில் நீங்களே போய்க் கேளுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தத் தோட்டத்தில் எத்தனை வீடு என்று எழுதி, கொடுத்தவர் பெயருக்குப் பதில் அந்தக் கணக்கை வாசலில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். வீட்டில் இருக்கும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆள் இல்லாத அறையில் லைட்டை அணைப்பது, காணி உறுதி கேட்கும் மலையக மக்களின் குரலோடு நம் குரலையும் சேர்ப்பது, அணையோ சுரங்கமோ அடுத்து எங்கே வரப்போகிறது என்ற செய்தியில் அந்த ஊர் மக்களிடம் கேட்டார்களா என்று விசாரிப்பது ஆகிய மூன்றும் எவராலும் செய்யக்கூடியவை. பில்லைக் கெடுவுக்குள் கட்டுவது சட்டப்படி நம் கடமை. அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் கடனை யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கப்போவதில்லை, நாமாகத்தான் கொடுக்க வேண்டும்.